மாக்பெத் நாடகமும் அதனைச் சூழ்ந்த அச்சமும்

தமக்கு வருந் தீங்கின் காரணத்தைத் தம்முள்ளே நாடாது புறத்தே தேடுதல் மக்கட்கு நெடுங்காலமாகப் பழகிப்போன குற்றங்களுள் ஒன்று. பூனை குறுக்கே சென்றதென்றும், பல்லி சொல்லிற்றென்றும், தும்மல் எழுந்ததென்றும் கூறித் தம் பிழையை அவற்றின்மேலேற்றி ஆறுதலெய்துவார் எந்நாட்டிலும் உளர். கல்வியானுங் கலையானுஞ் சிறந்ததெனப்படும் ஆங்கில நாட்டின் நாடக அரங்கங்களும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. செகப்பிரியர் என்னும் பெரும்புலவர் இயற்றிய மாக்பெத் என்னும் அவலச்சுவை நாடகமே இதற்குச் சான்றாம்.

அந்நாடகத்தின் பெயரை அரங்கினுள் வாய்விட்டுக் கூறலாகாதென்பது ஆங்கில நடிகர்தங் கொள்கை. கூறின் கூட்டத்தார்க்குக் கேடு விளையுமென்று அஞ்சி, அதனை 'ஸ்காட்லாந்து நாடகம்' என்றே வழங்குவர். மறந்து கூறியவர் அறையினின்று வெளியேறி, மும்முறை சுழன்று, எச்சிலுமிழ்ந்து, கதவைத் தட்டி, உள்ளே வர மீண்டும் உத்தரவு பெறுதல் வேண்டும். அல்லது அப்புலவரது ஹாம்லெட் நாடகத்தினின்று ஓரடியை ஓதிக் கழுவாய் தேடுதல் வேண்டும். இவ்வச்சம் எங்ஙனந் தோன்றிற்று, அதற்கு அடிப்படை உண்டோ, அந்நாடகந்தான் உண்மையில் அஞ்சச் சொல்லுவது யாது என்பவற்றைச் சித்தாந்த நோக்கொடு ஆராய்தல் பயனுடைத்தாம்.

வேற்றுநாட்டு நாடகத்தைச் சைவ நன்மக்கள் ஆராய்தல் என்னையெனின், கூறுதும். மலம் ஒரு நாட்டார்க்கு மட்டும் உரியதன்று, எல்லாவுயிரையும் பற்றிநிற்பது. ஆகலின், அதன் இயல்பை உள்ளவாறு காட்டும் நூல் எம்மொழியில் இருப்பினும் ஆராயத்தக்கதே. பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை 'மகபதி' எனத் தமிழிலாக்கினார். விபுலாநந்த அடிகள் 1926ஆம் ஆண்டில் வெளிவந்த தமது மதங்கசூளாமணியிற் செகப்பிரியர் நாடகங்களைத் தமிழ் நாடகவிலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்தார். ஆதலின் இஃது ஆன்றோர் முன்னரே சென்ற நெறியேயாம்.

கதைச் சுருக்கம்

ஸ்காட்லாந்து மன்னன் டங்கனுடைய படைத்தலைவருள் மாக்பெத், பாங்கோ என்னும் இருவர் போரில் வென்று மீளும்வழியில், மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்பட்டனர். மாக்பெத் காடர் என்னும் நிலப்பகுதிக்குத் தலைவனாவான், பின்னர் அரசனுமாவான் என்றும், பாங்கோ அரசனாகானாயினும் அவன் வழியினர் அரசராவர் என்றும் அவர்கள் கூறி மறைந்தனர். உடனே காடர்த் தலைமை மாக்பெத்துக்கு வந்தது. எஞ்சியதும் வருமென்னும் வேட்கை மூண்டது. தன் மனைவியின் தூண்டுதலால், தன் கோட்டையில் விருந்தினனாகத் துயின்ற மன்னனை அவன் தன் கையாற் கொன்று முடிபுனைந்தான். பாங்கோவைக் கூலிக்கொலைஞரைக்கொண்டு மாய்த்தான். மக்டப் என்பானுடைய மனைவியையும் மக்களையும் கொல்வித்தான். அவன் மனைவியோ துயிலில் எழுந்து நடந்து, இல்லாத குருதிக்கறையைக் கையினின்று கழுவ முயன்று முயன்று மாய்ந்தாள். பிர்னம் காடு தன் கோட்டைமேல் வாராதவரையில் தோல்வியில்லை, பெண் வயிற்றிற் பிறந்தான் எவனும் தன்னைக் கொல்லான் என்னும் சொற்களை நம்பியிருந்தான் மாக்பெத். பகைவர் படை அக்காட்டின் கிளைகளை ஏந்தி வந்தது. தாய்வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட மக்டப் அவனைக் கொன்றான்.

அச்சத்திற்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறிய நான்கும் இக்கதையில் ஒருங்கே அமைந்துள. சூனியக்காரிகளும் பாங்கோவின் ஆவியும் அணங்கு, டங்கன் இறந்த இரவில் வெறிகொண்டு ஒன்றையொன்று தின்ற குதிரைகள் விலங்கு, கூலிக்கொலைஞர் கள்வர், கொடுங்கோலனான மாக்பெத்தே இறை. ஆகவே காண்போர்க்கு அச்சம் பிறத்தல் இயல்பு. அவ்வச்சம் கதையைக் கடந்து அரங்கின் சுவருக்கும், திரைக்கும், பெயருக்கும் பரவியதே பிழை.

வரலாற்றில் மாக்பெத்

பெயரையே அஞ்சுவோர் அப்பெயர்க்குரியான் யாவனென அறிதல் நன்று. வரலாற்று மாக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். டங்கனை அவன் துயிலிடத்திற் கொன்றானல்லன். 1040ஆம் ஆண்டிற் போரில் வென்றான். டங்கனும் நரைமூத்த நல்லரசன் அல்லன், இளையோன். மாக்பெத் 1050ஆம் ஆண்டில் உரோமாபுரிக்குத் திருவழிப்பயணஞ் செய்து, ஆங்கு ஏழைகட்குப் பொருளை வாரியிறைத்தான் என்பது அக்காலத்தை ஒட்டிய குறிப்பினால் அறியப்படும். பதினேழாண்டு ஆண்டவன், நெடுவழி கடந்து சென்று அறஞ்செய்தவன். அவன் பெயரையே இன்று தீச்சொல்லென ஒதுக்குவர். பெயரில் தீமை இல்லையென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பின்வந்த வரலாற்றாசிரியர் கதைகளைச் சேர்த்து அவனைக் கொடியனாக்கினர். ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலினின்று செகப்பிரியர் கதையை எடுத்தார். அந்நூலில் பாங்கோவும் கொலைக்கு உடன்பட்டவனே. ஆயின் 1603ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னன், பாங்கோவின் வழித்தோன்றலெனத் தன்னைக் கருதியவன். செகப்பிரியரது நாடகக் குழுவும் அவ்வாண்டு முதல் அம்மன்னன் ஆதரவிலேயே இருந்தது. ஆதலின் புலவர் பாங்கோவைக் குற்றத்தினின்று நீக்கினார். இம்மாற்றம் அரசனை மகிழ்விக்கச் செய்ததாயினும், நாடகத்தின் உட்பொருளுக்கு அதுவே உயிராயிற்று. அது பின்னர் விளங்கும்.

நாடகம் எழுந்த காலம்

1606ஆம் ஆண்டையொட்டி இந்நாடகம் எழுந்ததென்பது அறிஞர் துணிபு. 1605 நவம்பர் மாதத்திற் பாராளுமன்றத்தை வெடிமருந்தாற் தகர்த்து மன்னனைக் கொல்ல வகுத்த சூழ்ச்சி வெளிப்பட்டு நாடே நடுங்கிற்று. அரசனைக் கொல்லுதல் என்பது அந்நாளிற் கதையன்று, நேர்ந்துவிடக்கூடிய நிகழ்ச்சி.

சூனியமும் அவ்வாறே. ஜேம்ஸ் மன்னன் 1597ஆம் ஆண்டிற் பேய்நூல் ஒன்று தானே எழுதி வெளியிட்டவன். அதற்கு முன், தன் மனைவியொடு கடல்கடந்து மீண்டபோது எழுந்த புயலைச் சூனியக்காரிகள் ஏவினரென நம்பி, 1590, 1591ஆம் ஆண்டுகளில் வடபெரிக் வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டோரைத் தானே வினவினான். அவ்வழக்கிற் பலர் வதைக்கப்பட்டனர்; ஆக்னெஸ் சாம்ப்சன் என்னும் மூதாட்டி 1591இற் கொல்லப்பட்டாள். 1604ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் சூனியத்திற்கு எதிராகக் கடுஞ்சட்டம் இயற்றப்பட்டது. அது நீங்கியது 1736இல். புயலுக்குக் காரணம் காற்றென்று எண்ணாது கிழவியொருத்தியின் நாவென்று எண்ணியதனால் வந்த பழி இது. வீணச்சம் வெறும் விளையாட்டன்று என்பதும், அது முதிர்ந்தவிடத்து ஏழையெளியோர் உயிரைக் குடிக்கும் என்பதும் இதனாற் பெறப்படும்.

சாபக் கதைகளின் ஆராய்ச்சி

இனிச் சாபக் கதைகளை நோக்குவாம். முதலாவது, செகப்பிரியர் உண்மைச் சூனிய மந்திரங்களை நாடகத்துட் புகுத்தினமையால் சூனியக்காரிகள் சினந்து சபித்தனர் என்பது. இதற்குச் சான்று யாதுமில்லை. சூனியக்காரிகளின் தலைவியாகிய ஹெக்கட்டி வரும் பகுதிகளும், ஆண்டுள்ள பாட்டுக்களும் மிடில்டன் என்னும் பிறிதொரு புலவரால் சேர்க்கப்பட்டனவென்றே அறிஞர் பலர் கருதுவர். அப்பாட்டுக்கள் மிடில்டனது சூனியக்காரி நாடகத்தில் முழுமையாக உள.

இரண்டாவது, நாடகம் முதன்முதல் நடந்தபோது தலைவியாக நடிக்கவிருந்த ஹால் பெரிட்ஜ் என்னுஞ் சிறுவன் நோயுற்று மாண்டான், செகப்பிரியரே அவ்வேடம் புனைந்தார் என்னுங் கதை. இதனை மாக்ஸ் பீர்போம் என்னும் நகைச்சுவை எழுத்தாளர் 1898ஆம் ஆண்டில் எழுதி, பதினேழாம் நூற்றாண்டினரான ஆப்ரி என்பார்மேல் ஏற்றிக் கூறினார். ஆப்ரியின் ஏடுகளில் அச்செய்தி இல்லை. முந்நூறாண்டுப் பழஞ்சாபம் என்று போற்றப்பட்டது எழுத்தாளர் ஒருவரின் விளையாட்டுக் கற்பனையே என்க.

மூன்றாவது, மெய்யாக நிகழ்ந்த துன்பங்கள். 1849 மே 10ஆம் நாள் நியூயார்க்கு நகரில் இந்நாடகம் நடந்தபோது கலகமெழுந்து, படையினர் சுட்டதில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாய்ந்தனர். அதன் காரணம் யாது? ஆங்கில நடிகரான மக்ரீடிக்கும் அமெரிக்க நடிகரான பாரெஸ்டுக்கும் இருந்த போட்டியும், ஆங்கிலேயர்மேல் அந்நாட்டு எளியோர் கொண்ட வெறுப்பும், செல்வர்க்கும் வறியர்க்கும் இடையே மூண்டிருந்த பகையுமேயாம். 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் இந்நாடகத்துப் பகுதிகளைத் தம் நண்பர்க்குப் படித்துக்காட்டினார். 14ஆம் நாள் சுடப்பட்டார். அவரைக் கொன்றது அடிமைத்தனத்தை அவர் ஒழித்தமைமேற் கொண்ட பகை; நூலன்று.

1937 நவம்பரில் இலண்டன் பழைய விக் அரங்கிற் லாரன்ஸ் ஒலிவியர் மாக்பெத்தாக நடிக்கவிருந்த நாளுக்கு முன்னாள், அவ்வரங்கின் தலைவியான லிலியன் பேலிஸ் அம்மையார் இறந்தனர். 1942ஆம் ஆண்டிற் ஜான் கீல்குட் நடத்திய நாடகத்திற் பங்குகொண்டோர் சிலரும் இறந்தனர். அந்நாடகத்திற்கு அரங்கணி வகுத்தோருள் ஒருவரான ஜான் மிண்டன் என்னும் ஓவியரது இறப்பையும் சாபத்தின் கணக்கிற் சேர்ப்பாருளர். அவர் இறந்ததோ 1957ஆம் ஆண்டில். பதினைந்தாண்டு கடந்து பலித்ததென்று கூறப்படுஞ் சாபம், யாருடைய இறப்பைத்தான் தன்னுள் அடக்காது?

இந்நாடகம் நானூறு ஆண்டுக்கு மேலாக எண்ணிறந்த அரங்குகளில் நடந்துவருவது. வாட்போரும் இருட்காட்சியும் மிக்கது. வாளும் இருளும் கூடியவிடத்துக் காயம் நேர்தல் இயல்பே. நேர்ந்தவற்றை எண்ணுவார், நேராது நடந்த இரவுகளை எண்ணுகின்றிலர். பிரஞ்சு நாடகப் புலவர் மோலியர் 1673ஆம் ஆண்டிற் 'கற்பனை நோயாளி' என்னும் தம் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தபோதே நோய் முற்றி அன்றிரவே இறந்தார். அதுபற்றி அந்நாடகத்தின் பெயரைக் கூறலாகாதென விதித்தார் எவருமிலர். ஆகவே துன்பத்தினின்று சாபம் பிறந்ததன்று. சாபமென்னும் எண்ணம் முன்னே நின்று துன்பங்களைத் தன்பால் ஈர்த்துக்கொண்டதென்க.

சூனியமோ, வினையோ

அற்றேல், நாடகத்தினுள்ளேனும் சூனியக்காரிகளின் சொல்லன்றோ மாக்பெத்தைக் கெடுத்ததெனின், அன்று. அவர்கள் அவன் அரசனாவான் என்றனரேயன்றி, அரசனைக் கொல்லென்று கூறினரல்லர். தம் ஆற்றலுக்கு எல்லையுண்டென்பதை அவர்களே ஒப்புகின்றனர். மாலுமியொருவனது கப்பலைப் புயலால் அலைக்கழிக்க வல்லரேனும், அதனை மூழ்குவிக்க இயலாதென்று அவர்களுள் ஒருத்தி கூறக் கேட்கின்றோம். அலைப்பது புறத்தது, கவிழ்வது கலத்தின் குற்றம். இவ்வொரு சொல்லில் நாடகம் முழுதும் அடங்கியுள்ளது.

மேலும், அதே நேரத்தில், அதே இடத்தில், அதே வாயினின்று வந்த சொல்லைப் பாங்கோவும் கேட்டான். அவன் கொலை செய்திலன். இருளின் ஏவலர் சிறிய உண்மைகளைக் கூறி நம்பவைத்துப் பெரியவற்றிற் கெடுப்பர் என்று எச்சரித்தான். தீய எண்ணங்கள் துயிலிற் தன்பால் வருதலுணர்ந்து, அவற்றைத் தடுத்தருளுமாறு மேலான ஆற்றல்களை வேண்டினான். பாங்கோ முற்றுந் தூயனல்லன். மாக்பெத்தின்மேல் ஐயங்கொண்டும் வாய்வாளாதிருந்தான். ஆயினும் விதை ஒன்றாகவும், விளைவு இரண்டாயின. காரணம் நிலத்தின் வேறுபாடன்றி வேறென்னை? ஹாலின்ஷெட் நூலிற்போலப் பாங்கோவும் கொலைக்கு உடன்பட்டிருப்பின் இவ்வுண்மை விளங்காதொழியும்.

பின்வருவதை முன்னர்க் கூறினமையால் அது விலக்கற்கரிய ஊழன்றோ, ஊழ் செய்ததற்கு உயிர் பொறுப்பாதல் எங்ஙனமெனின், சித்தாந்தம் அதற்கு விடை தரும். வந்தெய்தும் இன்பதுன்பம் நுகர்வினை. அதனை நுகரும்வழி யான் எனதென்னுஞ் செருக்கால் மேலும் ஈட்டுவது ஏறுவினை. முடி வருதல் நுகர்வினையாயின், அது தானே வந்திருக்கும். ஊழ் தன்னை அரசனாக்குமாயின் தன் முயற்சியின்றியே ஆக்கட்டும் என்று மாக்பெத்தே முதற்கண் எண்ணுகின்றான். காடர்த் தலைமை அங்ஙனந் தானே வந்தமையும் கண்டான். எனினும் பொறுத்திலன், கத்தியெடுத்தான். அக்கத்தி ஏறுவினை. சூனியக்காரிகள் முன்னறிந்து கூறினும், முன்னறிதல் வேறு, செய்வித்தல் வேறு. கதிரவன் மறைவான் என்று கூறினவன் கதிரவனை மறைத்தவனாகான்.

இருண்மலம்

மாக்பெத் தீமையை அறியாது செய்தானல்லன். டங்கன் தன் உறவினன், தன் அரசன், தன் விருந்தினன்; மூவகையானும் காக்கத்தக்கவன்; நற்குணத்தன் என்று எண்ணி எண்ணிக் கொலையை விடுத்தான். மனைவியின் இகழ்ச்சிச் சொல் கேட்டு மீண்டும் துணிந்தான். அறிந்தும் செய்தல் எங்ஙனம் என்பதே இந்நாடகம் எழுப்பும் பெருவினா. இவ்வினாவிற்கு மேனாட்டுத் திறனாய்வாளர் பேராசை என ஒரு சொல்லாற் கூறி அமைவர். பேராசை பயனேயன்றி வேரன்று. வேரைக் காட்டுவது உமாபதிசிவனார் திருவருட்பயனில் இருண்மலநிலை என வகுத்த அதிகாரம். புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தான் இருளென்பதையேனும் கண்ணுக்குக் காட்டும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். ஆதலின் அதனாற் பற்றப்பட்டவன், தன் அறிவாலேயே தான் செல்கின்றானென மயங்குவன். மாக்பெத் தன் செயலின் கொடுமையை அறிந்தான். தன்னைச் செலுத்திய மலத்தை அறிந்திலன். ஒளியினை மறைக்கும்படி விண்மீன்களை வேண்டுகின்றான். உள்ளே முன்னரே மறைந்துகிடப்பதை உணர்கின்றிலன்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் உண்மையும் ஈண்டுக் காணத்தக்கது. அவன் மனைவி தன் பெண்மையை நீக்கிக் கொடுமையால் நிரப்புமாறு தீய ஆவிகளை அழைத்தாள். சார்வு வேண்டினாள், சார்ந்தாள். சிறிது நீர் தங்கள் செயலைக் கழுவுமென்று கூறிய அவளே, துயிலில் நடந்து கைகழுவி, அவ்வாசை மாறாது வருந்துகின்றாள். நனவிற் பூட்டிய வாய் கனவில் திறந்துகொண்டது. அந்நிலையைக் கண்ட மருத்துவன், இவட்கு வேண்டுவது மருத்துவனன்று, இறைபணியாளன் என்னும் பொருள்படக் கூறுவது நோக்கத்தக்கது.

இந்நாடகத்தின் இறுதியில் மாக்பெத், வாழ்வு பொருளற்றதென வெறுத்துரைக்கும் பகுதி பெரிதும் பாராட்டப்படுவது. அதனைப் புலவர்தங் கொள்கையாகவே எடுத்தாள்வாரும் உளர். அது பொருந்தாது. அஃது உலகின் இயல்பன்று. மலத்தின் கண்கொண்டு உலகைக் காண்பான் ஒருவன் காணுங் காட்சி. உலகு உயிர்கள் மலம் நீங்குதற்பொருட்டு இறைவனால் தரப்பட்டதென்பர் சித்தாந்திகள். தன் கையாலே வாழ்வை வெறுமையாக்கினவன் அதனை வெறுமையெனக் கூறுதல், கண்ணைக் கட்டிக்கொண்டவன் ஞாயிறு இல்லையென்றல் போலும். முன்னிருந்த காடர்த் தலைவன் அரசற்கு இரண்டகஞ் செய்து தண்டனை பெற்றவன். அவன் சாங்காலத்திற் குற்றத்தை ஒப்பி, மன்னிப்பு வேண்டி, கழிவிரக்கத்தோடு இறந்தான். அவன் பட்டத்தை மாக்பெத் பெற்றான். அவன் கழிவிரக்கத்தைப் பெற்றிலன். முற்காட்சியில் ஓரிரு அடியில் வந்துபோகும் அச்செய்தி, மீளும் வழி ஒன்று இருந்ததென்பதற்குச் சான்றாக நாடகமுழுதும் நிற்கின்றது.

சொல்லவொண்ணாச் சொல்

இனி, நடிகர் அஞ்சுஞ் சொல்லும் நாடகம் அஞ்சச் செய்யுஞ் சொல்லும் வேறென்பது காட்டி முடிப்பாம். கொலை செய்து வெளிப்போந்த மாக்பெத் தன் மனைவியிடம் முதலிற் கூறுவது குருதியைப்பற்றியன்று. அடுத்த அறையில் துயிலினின்று விழித்த இருவர் கடவுளை வாழ்த்தியபோது, 'ஆமென்' என்னும் மறுமொழிச் சொல் தன் தொண்டையிற் சிக்கி நின்றதென்றும், வாழ்த்து மிகவும் வேண்டியிருந்த தனக்கு அச்சொல் வாராதொழிந்தது ஏனென்றும் அவன் அரற்றுகின்றான். மனைவி, அதனை அத்துணை ஆழ்ந்து எண்ணற்க என்கின்றாள். நாடகத்தின் நடுக்கமெல்லாம் இவ்விடத்தே உளது. இறைவனைச் சார்ந்த ஒரு சிறுசொல் நாவிற்கு எட்டாதாதலே அவ்வுயிர்க்கு நேர்ந்த சாபம். அதனைச் சூனியக்காரிகள் இட்டிலர். அவனே தனக்கு இட்டுக்கொண்டான்.

இதனை அரங்கில் இரவுதோறும் நடித்துக்காட்டுவோர், திரைக்குப் பின் சென்று ஒரு மன்னன் பெயரைக் கூறுதற்கு அஞ்சுகின்றனர். வரத்தகாத சொல் வந்துவிடுமோ என்பது அவர்தம் அச்சம். வரவேண்டிய சொல் வாராதொழியுமோ என்பது நாடகம் கற்பிக்கும் அச்சம். முன்னது மும்முறை சுழன்று உமிழ்ந்தால் தீரும். பின்னது கடல்நீர் அனைத்தாலும் கழுவப்படாது. காரணத்தைப் புறத்தே வைத்தல் மாக்பெத்தின் குற்றம். சூனியக்காரிகளின் சொல்லையே பற்றுக்கோடாகக்கொண்டு காட்டையும் பிறப்பையும் எண்ணிக்கொண்டிருந்தவன் அவன். பெயரை அஞ்சுவோர் அவன் கதையைக் கற்றும் அவன் குற்றத்தையே பயில்கின்றனர்.

சமணர் நிறைந்த மதுரைக்குத் திருஞானசம்பந்தப் பெருமான் எழுந்தருளப் புகுந்தபோது, நாளும் கோளும் நல்லவல்ல என்று திருநாவுக்கரசு சுவாமிகள் அன்பினாற் தடுத்தனர். பிள்ளையார் அவற்றை மறுத்து வாதிட்டாரல்லர்; உள்ளத்தே இறைவன் உறைதலின் அவையெல்லாம் அடியார்க்கு நல்லனவே என்று கோளறு பதிகம் ஓதிப் புறப்பட்டனர். அச்சத்தை ஒழிக்கும் வழி அஃதொன்றே. புறத்தேயுள்ள சொல்லையும் நாளையும் பெயரையும் விலக்கி விலக்கி முடிவு காண்பார் ஒருவருமிலர். அகத்தே இருக்கவேண்டிய சொல் இருப்பின், விலக்கவேண்டுவது ஒன்றுமில்லை. நாக்கு நலமாக இருக்கும்போதே திருவைந்தெழுத்தை அதிற் பதிய வைத்துக்கொள்ளுதல் சைவ நன்மக்கள் கடன். தொண்டை அடைத்தபின் அது தானே வருமென்று நம்பியிருத்தல், மாக்பெத்தின் கோட்டைக்குள் இருந்துகொண்டு காடு நகராதென்று நம்பியிருத்தலே போலும்.

திருச்சிற்றம்பலம்.